திங்கட்கிழமைப் பெயர்

கிளமென்ற் செத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது என்ற செய்தி அவனுக்குத் தாயின் செத்தவீட்டில்தான் தெரியவந்தது. சொன்னது ஒரு கிழவி. அவன் வாசலில் நின்று, வருகிற சனத்துக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். கிழவி கைகொடுக்கவில்லை. தலையைச் சரித்து அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“தம்பி ஆர்?”

“மகன்.”

“எந்த மகன்?”

“அவவுக்கு ஒரு மகன்தானே அம்மா. நான்தான்.”

“அவர் செத்திட்டார்,” என்றார் கிழவி. “கிளமென்ற். திங்கட்கிழமை திங்கட்கிழமை நாங்கள் அவருக்குச் செபிக்கிறனாங்கள். எனக்குக் காது மந்தம்தான், ஆனால் அந்தப் பேரை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.”

தான்தான் கிளமென்ற் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அது மந்தமான பக்கத்துக் காதில் விழுந்திருக்க வேண்டும். கிழவி தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

“அப்ப நீங்கள் பெறாமகன்.” தமக்கை தங்கையின் பிள்ளையை அப்படிச் சொல்வதுதான் யாழ்ப்பாணத்து வழக்கம். “பெறாமகனையும் மகன் எண்டு சொல்லுற மனுசிதான் அவ. நல்ல ஆத்துமா.” பிறகு கைகொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கிழவிக்கு வயது போய்விட்டது, தடுமாறுகிறார் என்று கிளமென்ற் நினைத்துக்கொண்டான். ஆனால் மறுநாள் அடக்கப் பூசையில் அவன் முதல் வரிசையில் உட்கார்ந்தபோது பின்வரிசைகளில் பல கழுத்துகள் நீண்டன. ஒரு பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் புத்தி தடுமாறியிருக்க முடியாது.

செத்தவர் பேர்ணடெற் திரேசா. வயது எண்பத்தொன்று. பாசையூரில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் துறைமுகத்து எழுதுவினைஞர் ஒருவரைக் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கிளமென்றுக்கு ஆறு வயதாக இருக்கும்போது மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பேர்ணடெற் சின்ன வகுப்புக்குப் படிப்பித்துப் பிள்ளையை வளர்த்தார். மரியாயின் சேனையில் இருந்தார், நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோனார், நவநாள்களுக்குப் பூக்கட்டினார். இதையெல்லாம் கொட்டாஞ்சேனையில் நூறு பேர் செய்வார்கள். அவருக்கென்று தனியாக இருந்த தொண்டு, செத்த பெண்களுக்குச் சேலை உடுத்திவிடுவது. 

அதில் அவருக்கு மிஞ்ச ஆளில்லை. சேலைக்கு எட்டு இடத்தில் ஊசி, கொசுவம் நெஞ்சுக்கு நேராக, செபமாலையின் சிலுவை வலக்கைப் பெருவிரலில். பெட்டி எத்தனை படி இறங்கினாலும் ஒரு மடிப்புக் குலையாது. ஒழுங்கையில் சில பெண்கள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே வந்து, தங்களுக்கு எந்தச் சேலை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தி மூன்று தரம் மாற்றிச் சொன்னாள். நாலாம் தரம் வந்தபோது, “முதலில நீர் சாகிற வழியைப் பாரும்,” என்று பேர்ணடெற் கதவைச் சாத்தினார். அவரே செத்தபோது அவருக்கு உடுத்திவிட்டது பக்கத்து வீட்டு அஸீஸா. நாற்பது வருடம் சுவருக்குச் சுவர் இருந்த சிநேகிதி. சவப்பெட்டிக்காரர்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து, எட்டு ஊசியும் எண்ணிக் குத்தினார்.

கிளமென்ற் வெள்ளவத்தையில் இருக்கிறான். மாடிக் கட்டடங்களின் லிப்ட் பழுது பார்க்கும் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி சுபோதினி சைவம். அவர்கள் வீட்டில் ‘கோயில்’ என்றால் எந்தக் கோயில் என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். பூசைக்குப் போவதை அவன் கலியாணத்துக்கு முன்பே விட்டுவிட்டான். காரணம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை நித்திரை என்பான். அது பாதி உண்மை. ஆனால் ஞாயிறு மத்தியானம் தவறாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தாயின் கையால் சாப்பிடுவான். மீன் தலை அவனுக்கென்று தனியாக இருக்கும். சாப்பிட்டு எழும்ப நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவார். பூசைக்கு வா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவ்வளவு பக்தியான மனுசி எப்படிக் கேட்காமல் இருக்கிறா என்று அவனுக்கே ஆச்சரியம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனபோது அந்த ஆச்சரியம் தீர்ந்தது.

அலுவலகத்தில் இருந்தவர் வஸ்தியாம்பிள்ளை. இருபத்தேழு வருடமாக அதே கதிரை. திங்கட்கிழமைக் காலைப் பூசையில் மரித்தோரின் பெயர்களை வாசிப்பவரும் அவர்தான்.

“இறந்தவரின்ர பேர்?”

“பேர்ணடெற் திரேசா.”

“பூசை ஒப்புக்குடுக்கிறவர்?”

“மகன். கிளமென்ற்.”

வஸ்தியாம்பிள்ளையின் பேனை நின்றது. “தம்பி, அது செத்தவரின்ர பேரெல்லோ.”

“நான்தான் அந்தக் கிளமென்ற்.”

வஸ்தியாம்பிள்ளை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பயப்படவில்லை. உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று தினமும் சொல்கிறவர்தானே. “அப்பிடியோ,” என்றார்.

அலமாரியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. மெல்லியது, சுகம் வேண்டுவோருடையது. தடித்தது, மரித்தோருடையது. தடித்ததை எடுத்துப் புரட்டி அவன் பக்கம் திருப்பிவைத்தார். பேர்ணடெற் குடும்பத்துக்கு ஒரு பக்கம். நாலு பெயர்கள். பேர்ணடெற்றின் தகப்பன், தாய், புருசன். நாலாவது, சின்ன வகுப்பு ரீச்சரின் குண்டுக் குண்டு எழுத்தில், கிளமென்ற்.

“இதை வெட்டுங்கோ,” என்றான்.

“பேர் போடுறதுக்கு நிரப்ப ஒரு போம் இருக்கு தம்பி. எடுக்கிறதுக்கு ஒரு போமும் இல்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து கேக்கேல்லை.”

“நான் கேக்கிறன்.”

“போட்டவ எல்லோ கையெழுத்து வைக்கவேணும்.”

“அவ செத்திட்டா.”

“அதுதான் பிரச்சினை,” என்றார் வஸ்தியாம்பிள்ளை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சுவாமியாரைக் கேட்டுச் சொல்லுறன்,” என்று சேர்த்துக்கொண்டார்.

“அம்மா உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நான் ஒருக்கால் கேட்டனான், மகன் எப்பிடி எண்டு. ‘ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்’ எண்டா. செத்தவருக்கும் அப்பிடித்தானே சொல்லுறது.”

வெள்ளவத்தை வீட்டில் சுபோதினி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டாள். முறிப்பதை நிறுத்தவில்லை.

“அப்ப நான் ஆரைக் கட்டியிருக்கிறன்?” என்றாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்ட பிறகுதான் கையிலிருந்த காயை வைத்தாள்.

கிளமென்றுக்கு உள்ளே எரிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை? எத்தனை மீன் தலை? ஞாயிறு மத்தியானம் சோறு போட்டு, திங்கட்கிழமை விடிய எழும்பிப் போய், அதே வாயால் அவனுக்கு மோட்சம் கேட்டிருக்கிறா. பெற்ற தாய், செத்தவனுக்கா இவ்வளவு காலமும் சோறு போட்டா? நினைக்க நினைக்க வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கேட்பதற்கு ஆளும் இல்லை. ஆளை அவனே போன கிழமை மாதம்பிட்டியில் புதைத்துவிட்டு வந்திருந்தான்.

“உம்மைக் கட்டினதாலதான்,” என்றான். “அண்டைக்கு உம்மட கோயிலில தாலி கட்டேக்க முன்வரிசையில இருந்து சிரிச்சவ. எல்லாம் நடிப்பு. அவவுக்கு நான் அண்டைக்கே செத்திட்டன்.”

“மாமி நடிச்சவ எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.” சுபோதினிக்குக் கோபம் வந்தது. “கந்தசட்டிக்கு எனக்கெண்டு புதுச்சட்டி வாங்கி, ஆறு நாளும் மரக்கறி சமைச்சு ஓட்டோவில குடுத்துவிட்டவ. மீன் சட்டிக்குப் பக்கத்திலயும் வைக்கவிடமாட்டா. நடிக்கிறவளுக்குச் சட்டி எதுக்கு?”

அவன் ஒரு பயற்றங்காயை எடுத்து முறித்தான்.

“எப்ப போட்டது?” என்றாள்.

“எது?”

“உங்கட பேரை. பக்கத்தில திகதி இருக்குமெல்லோ.”

பெயரைக் கண்ட ஆத்திரத்தில் திகதியை அவன் பார்க்கவேயில்லை. வஸ்தியாம்பிள்ளைக்கு அழைப்பு எடுத்தான். அவர் அலமாரியைத் திறக்கும் சத்தமும், தாள் புரளும் சத்தமும், நடுவில் ஒரு இருமலும் கேட்டன.

“பன்னிரண்டு, பத்து, ரெண்டாயிரத்து எட்டு. ஞாயிற்றுக்கிழமை தம்பி.”

கிளமென்ற் நன்றி சொல்லாமலே போனை வைத்தான். அவர்கள் கலியாணம் நடந்தது இரண்டாயிரத்துப் பத்தில். ஆனால் அவன் அதை யோசிக்கவில்லை. அந்தத் திகதி அவனுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு ஒக்டோபர் இரண்டாம் திகதி, லிப்ட் ஒன்றைத் திருத்தப் போகும் வழியில், சீருடை இல்லாத நாலு பேர் அவனை ஒரு வாகனத்தில் ஏற்றினார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளில் நடந்ததை அவன் சுபோதினிக்குக்கூடச் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம். பதின்மூன்றாம் திகதி விடியப் பேலியகொடைப் பக்கம் இறக்கிவிட்டார்கள். நடந்து வீட்டுக்கு வந்தான். கதவு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தான்.

அன்று திங்கட்கிழமை. ஏழு மணிபோல் தாய் பூசை முடிந்து, தலையில் முக்காடோடு ஒழுங்கையால் வந்தார். அவனைக் கண்டதும் நடுவழியில் நின்றார். ஓடிவரவில்லை, கத்தவில்லை. கிட்ட வந்து, அவன் நெற்றியில், பிறகு கன்னத்தில், பிறகு தோளில் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “சாப்பிட்டியா?” என்றார். தான் திரும்பி வரவேண்டும் என்று மன்றாடிவிட்டு வருகிறா என்றுதான் இத்தனை வருடமும் அவன் நினைத்திருந்தான். மரித்தோர் பட்டியலில் அவன் பெயரை முதல் தரம் வாசிக்கக் கேட்டுவிட்டு வந்திருக்கிறா.

ஏன் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. போட்டது சரி, பிறகு ஏன் எடுக்கவில்லை? 

மறுநாள் அஸீஸா வீட்டுக்குப் போனான். அஸீஸா அவனை இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, அவன் கேட்டு முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

“ஒங்கட அம்மா எனக்கிட்ட மட்டும்தான் சென்ன,” என்றார். “உசுரோட ஈக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் செல்ல வாணான்னாங்க. இப்ப செல்லலாம்தானே.”

அந்தப் பத்து நாளும் பொலிஸ், புதுக்கடை நீதிமன்றத்தில் வக்கீல், விண்ணப்பம் வாங்குகிற இடம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்திருக்கிறார்கள். பத்து நாளும் கிளமென்றின் பெயர் மெல்லிய புத்தகத்தில் இருந்திருக்கிறது. பதினோராம் நாள் காலை பிரேத அறையிலிருந்து ஒரு தகவல் வந்தது.

“ஒரு மய்யித்து ஈக்கி, வந்து பாருங்கன்னாங்க. நானும் போனேன். அம்மா கிட்டப் போய்ப் பாத்துட்டு, இது என்ட புள்ள இல்லன்னு சென்னாங்க. சென்னத்துக்குப் பொறகும் அங்கனயே நிண்டாங்க. அந்தப் புள்ளக்கி மேல துணி சரியா ஈக்கல்ல. அத இழுத்துச் சரி பண்ணி உட்டாங்க. கால் வரைக்கும். அங்க நிண்டவன் ஏசினான், அவங்க கேக்கல்ல.”

அஸீஸா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“வார வழியில ஒண்டும் பேசல்ல. பொறகு செல்றாங்க, ‘அஸீஸா, ஊராரின்ர பிள்ளையளுக்கெல்லாம் உடுத்தி அனுப்பினனான். என்ர பிள்ளை செத்திருந்தால் இண்டைக்குப் பதினொரு நாள், ஒருத்தரும் அவனுக்கு ஒரு செபம் சொல்லேல்லையே’ண்டு. நேரா கோயிலுக்குள்ள போனாங்க. நான் வெளிய நிண்டேன். மறுநாள் வந்து பாத்தா நீங்க படியில குந்தீக்கிறீங்க.”

“பிறகு வெட்டியிருக்கலாமே ஆன்ரி.”

“நான் சென்னேன். அண்டைக்கே சென்னேன், போய் பேர வெட்டிட்டு வாங்கன்னு. ‘பத்து நாள் மற்றப் புத்தகத்தில கிடந்தவன், வரேல்லை. இதில எழுதினாப் பிறகுதானே வந்தவன். வெட்டினால்?’ எண்டு கேட்டாங்க. எனக்கு பதில் செல்லத் தெரியல்ல. ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று கிளமென்ற் தலையாட்டினான்.

“சாமியார்க்கிட்ட பாவம் செல்லப் போற நேரமும் இத மட்டும் செல்லல்ல. அவர் வெட்டச் செல்லுவாருன்னு பயம். நீங்க கோயிலுக்கு வராதது அவங்களுக்கு நிம்மதியாவும் ஈந்திச்சு. நீங்க வந்தா பேரைக் கேப்பீங்கதானே.” அஸீஸா கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆனா மகன், ஒவ்வொரு ஒக்டோபருக்கும் இந்தக் கதிரையில இருந்து அழுவாங்க. ‘ஒரு நாள் நான் அவனைக் கைவிட்டிட்டன் அஸீஸா. எல்லாருக்கும் நம்பிக்கை சொல்லுறனான், என்ர பிள்ளைக்கு ஒரு நாள் கூட நம்பேல்லை. ஒரு நாள் பொறுத்திருந்தா வந்திருப்பான்’ எண்டு. இதையே செல்லிச் செல்லி அழுவாங்க.”

கிளமென்ற் அழுதான். செத்தவீட்டில் வராத அழுகை, அடக்கத்தில் வராத அழுகை, அடுத்த வீட்டுக் கதிரையில் சத்தமாக வந்தது. அஸீஸா எழும்பிக் குசினிக்குள் போய், கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார்.

முப்பத்தோராம் நாள் பூசை ஒரு சனிக்கிழமை. அது முடிந்து வந்த திங்கட்கிழமை, கிளமென்ற் விடிய எழும்பிக் கொட்டாஞ்சேனைக்குப் போனான். எங்கே என்று சுபோதினி கேட்டாள். கோயிலுக்கு என்றான். எந்தக் கோயிலுக்கு என்று அவள் கேட்கவில்லை.

வஸ்தியாம்பிள்ளை தடித்த புத்தகத்தோடு வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார். 

“சுவாமியாரைக் கேட்டனான். வெட்டலாமாம். போம் தேவையில்லையாம்.” பேனையைத் திறந்து தயாராக நின்றார். அந்தப் பக்கத்தில் ஐந்தாவதாக, பேர்ணடெற் திரேசா என்று அவரே எழுதியிருந்தார். கிளமென்றுக்குக் கீழே.

“வேண்டாம்,” என்றான் கிளமென்ற். “இருக்கட்டும்.”

“உயிரோட இருக்கிறவரை எப்பிடித் தம்பி வாசிக்கிறது?”

“இவ்வளவு காலமும் வாசிச்சனீங்கள்தானே.”

வஸ்தியாம்பிள்ளை அதைப் பற்றி யோசித்தார். “அதுவும் சரிதான். எழுதியிருக்கிறதை வாசிக்கிறதுதான் என்ர வேலை,” என்று பேனையை மூடினார்.

வாங்கில் இடம் தேடி உட்கார்ந்தபோது பக்கத்தில் அந்தக் கிழவி. அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“பெறாமகனெல்லோ?”

கிளமென்ற் கிழவியின் நல்ல காதுப் பக்கம் குனிந்தான். “ஓம்,” என்றான்.

கிழவி கிட்டச் சரிந்து, தனக்குக் கேட்கும் அளவில், அதாவது நாலு வாங்குக்குக் கேட்கும் அளவில் இரகசியம் சொன்னார். “உங்கட பெரியம்மா பாவம் தம்பி. அந்தப் பிள்ளை போனாப் பிறகு மனம் சரியில்லை. செத்தவன் ஞாயிறு ஞாயிறு சாப்பிட வாறான் எண்டு சொல்லுவா. மீன் தலையை எடுத்து வைப்பாவாம். வந்து முழுக்கச் சாப்பிட்டிட்டுப் போறானாம். ‘என்ர பிள்ளை வந்தவன், என்ர பிள்ளை வந்தவன்’ எண்டு அந்தச் சந்தோசத்தை நீங்கள் பாக்கவேணும். நாங்கள் ஒருத்தரும் மறுத்துக் கதைக்கிறேல்லை.”

“வந்தவன்தான் அம்மா,” என்றான் கிளமென்ற்.

“அப்பிடித்தான் சொல்லவேணும்,” என்று கிழவி அவன் கையில் தட்டினார்.

மன்றாட்டு நேரம் வந்தது. வஸ்தியாம்பிள்ளை ஏறிநின்று, ஒவ்வொரு குடும்பமாக, ஒரே தொனியில் வாசித்துக்கொண்டு போனார். பேர்ணடெற்றின் தகப்பன், தாய், புருசன். பிறகு கிளமென்ற் என்று வாசித்தார். பிறகு பேர்ணடெற் திரேசா என்று வாசித்தார். கிழவி முழங்கையால் அவனை இடித்து, செபியுங்கோ என்று கண்ணால் காட்டினார். கிளமென்ற் முழந்தாளில் இருந்தான். நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று, தாய்க்கும் தனக்குமாகச் சேர்த்து, கிழவிக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னான்.